மாமாவின் ஜீப்புக்கு நான் மாட்டிய பம்பர்

என் அக்காவைக் கட்டிக்கொண்டவரை நான் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. எங்கள் பக்கத்தில் மாமன் மச்சான் என்றால் அப்படித்தான். அவர் தலையில் முடி இல்லை, வயிற்றில் இடம் இல்லை. எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? பதிலுக்கு அவர், நான் பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டதை ஊர் முழுக்கச் சொல்வார். சாப்பாட்டுத் தட்டு முன்னால் நாங்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

அவரிடம் ஒரு ஜீப் இருந்தது. நாலு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டி. வாரத்தில் நாலு நாள் அதை எடுத்துக்கொண்டு ஜவ்வாது மலைக்குப் போவார். பஸ் போகிற ஊர்களை விட்டுவிட்டு, கல்லும் ஓடைத்தண்ணீருமாகக் கிடக்கிற பாதையில் ஏறி, உள்ளே இருக்கிற ஊர்களில் புளி, சாமை, தேன் என்று வாங்கிவந்து திருவண்ணாமலைக் கடைகளுக்குப் போடுவார். வேறு வியாபாரிகளுடைய வேன் அங்கே ஏறாது. அதனால் அந்த ஊர்க்காரர்கள் இவருக்காகவே மூட்டை கட்டி வைத்திருப்பார்கள். வேங்கிக்காலில் வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள் படிப்பு, அக்காவின் தையல் மிஷின் எல்லாமே அந்த ஜீப்பின் முதுகில்தான் ஏறி இறங்கின.

செங்குத்தான இடத்தில் இறங்கும்போது வண்டியின் வால் பாறையில் இடித்து இடித்து, பின்பக்க பம்பர் கசங்கிய அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. மாமா கனமான இரும்பு பம்பர் ஒன்றை வெளியூரில் சொல்லிச் செய்து, லாரியில் வரவழைத்தார். கறுப்புப் பெயின்ட், இழுப்பதற்கு இரண்டு கொக்கி. அதை இரண்டு பேர் தூக்கினால்தான் அசையும். நான் செங்கம் ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். வேறு யார் மாட்டுவது?

"இன்னா மாமா, பின்னாடிக்கு மட்டும் வாங்கியாந்திருக்குற? முன்னாடி ஒனக்கு ஏற்கெனவே இருக்குதுன்னா?" என்று அவர் வயிற்றைத் தட்டினேன்.

"மொதல்ல ஒன் வாய்க்கு ஒரு மூடி வெல்டிங் வையிடா. அப்பறம் வண்டியத் தொடு."

பம்பரைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் ஓட்டைகள் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. புதிய மாடலுக்குச் செய்திருந்தார்கள். திருப்பி அனுப்பி வேறு வாங்கியிருக்கலாம். மாமாவும் அதைத்தான் சொன்னார். நான் விடவில்லை. என்னால் முடியாது என்று அவர் முன்னால் எப்படிச் சொல்வது? போல்ட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், சேஸிஸ் இரும்பிலேயே தகடு வைத்து வெல்டிங் அடித்துவிடுகிறேன், யானை இழுத்தாலும் வராது என்றேன்.

சேஸிஸ் என்பது வண்டியின் அடியில் முன்னிருந்து பின்வரை நீளமாக ஓடுகிற இரண்டு இரும்புச் சட்டம். அதன் பின்முனையில் துருவும் பழைய பெயின்ட்டும் மண்ணும் அடை அடையாக இருந்தது. வெல்டிங் பிடிக்க வேண்டுமென்றால் இரும்பு சுத்தமாக இருக்க வேண்டும். கிரைண்டரைப் போட்டேன். வலதுபக்கச் சட்டத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்த்தேன்.

"அவ்ளோ தேய்க்கணுமாடா?" மாமா பக்கத்தில் குந்தியிருந்தார்.

"பளபளன்னு வரணும் மாமா. ஒன் மண்ட இருக்குதில்ல, அந்த மாதிரி."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்ததால் நான் இன்னும் ஒன்று சொன்னேன். அந்த நேரத்தில் கிரைண்டர் சக்கரத்துக்கு அடியில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தன. துருப் பிடித்த குழிகள் என்று நினைத்தேன். துரு ஒரே வரிசையில் பிடிக்காது. ஒரு கணம் கிரைண்டரை நிறுத்தியிருந்தால் போதும். நான் அடுத்த கிண்டலை யோசித்துக்கொண்டிருந்தேன். அழுத்தித் தேய்த்தேன். புள்ளிகள் போய்விட்டன. பிறகு தகட்டை வைத்து வெல்டிங் அடித்து, கறுப்புப் பெயின்ட் பூசினேன். ஜீப் கம்பீரமாகத்தான் நின்றது. மாமா மூன்று தடவை சுற்றி வந்து பார்த்தார்.

வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடிகிற நேரம் அது. மறுபடி பதிவு செய்ய பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்ட வேண்டும். அதற்கு முன்னால், சேஸிஸில் அச்சடித்திருக்கிற நம்பர்மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, நம்பர் தாளில் விழுந்ததும் விண்ணப்பத்தில் ஒட்ட வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற நம்பரும் இரும்பில் இருக்கிற நம்பரும் ஒன்றாக இருந்தால்தான் அது அவருடைய வண்டி.

மாமா தாளும் பென்சிலும் புத்தகமுமாகப் பட்டறைக்கு வந்தார். "நம்பர் எங்கடா இருக்குது? நான் எங்க குனியறது, நீயே எடுத்துக் குடு."

முன்சக்கரத்துப் பக்கம் தேடினேன். இல்லை. நடுவில் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு பழைய ஜீப் மெக்கானிக்குக்கு போன் போட்டேன்.

"அந்த மாடலா? பின்னாடிடா. ரைட் சைடு சேசிஸ் மொனைல இருக்கும். பம்பர் மாட்டற எடம்" என்றார்.

போனைக் கையில் வைத்துக்கொண்டே வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தேன். மாமாவின் செருப்பு மட்டும் தெரிந்தது. எனக்கு டீ வாங்கிவந்து நின்றுகொண்டிருந்தார்.

"கெடச்சுதாடா?"

"கெடச்சிடுச்சு மாமா. ஒரே அழுக்கு. தொடச்சி எடுத்து வெக்கறேன், நீ போய்ட்டு சாயங்காலம் வா."

அப்போதே சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பார், நாலு அடிகூட அடித்திருப்பார். பிறகு இரண்டு பேருமாக யாரையாவது கேட்டு, இப்படித் தெரியாமல் ஆகிவிட்டது என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். அதற்கு வழி இருந்ததாம். பின்னால் தெரிந்தது. அன்றைக்கு என் மனதில் ஓடியதெல்லாம், ஆயுசுக்கும் இதைச் சொல்லிக் காட்டுவாரே என்பதுதான். கிண்டல் செய்கிறவனுக்குக் கிண்டல்தான் பயம்.

பட்டறையில் நம்பர் அடிக்கிற பஞ்ச் பெட்டி இருந்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு இரும்புத் துண்டு. சுத்தியலால் தட்டினால் பதியும். மோட்டார் பம்புகளுக்கு அடையாளம் போட வைத்திருந்தோம். ஓனர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், மல்லாந்து படுத்து, தகட்டுக்கு ஓரமாகத் தேய்ந்து கிடந்த இடத்தில், புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக அடித்தேன். கண்ணில் துரு விழுந்தது. முடித்ததும் மேலே மண்ணும் ஆயிலும் குழைத்துத் தடவினேன். தாளில் பென்சில் அச்சு நன்றாகவே விழுந்தது.

சாயங்காலம் மாமா அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "அச்சு எவ்ளோ அழகா வந்துருக்குது பார்றா. பரவால்ல, பத்தாவது பாதில விட்டவனுக்கு இது ஜாஸ்திதான்." நானும் சிரித்தேன்.

வண்டிகளைக் காட்டுகிற மைதானத்துக்கு மறுவாரம் போனோம். மாமா ஜீப்பைக் கழுவி, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார். இன்ஸ்பெக்டர் விளக்கு, ஹாரன், பிரேக் எல்லாம் பார்த்துவிட்டுப் பின்பக்கம் வந்தார்.

"இது கம்பெனி பம்பர் இல்லியே. இதெல்லாம் மாட்டக்கூடாது, தெரியுமா?"

"மலப் பாதைல ஓட்றதுங்க சார். கழட்டிடறேங்க."

"கழட்டிட்டுக் கொண்டாங்க." அவர் அதோடு போயிருப்பார். எப்படி மாட்டியிருக்கிறது என்று சும்மா குனிந்து பார்த்தார். "வெல்டிங்கா வெச்சிருக்கீங்க?" என்று போன் டார்ச்சை அடித்தார். பழைய துணி ஒன்றை வாங்கித் துடைத்தார். பிறகு கட்டைவிரலை அந்த நம்பர்மேல் மெதுவாக ஓட்டினார்.

"இத யாரு அடிச்சது?"

"கம்பெனிலதாங்க அடிச்சிருப்பாங்க" என்றார் மாமா.

"கம்பெனி நம்பர் இப்பிடியா இருக்கும்? ஒண்ணு மேல போவுது, ஒண்ணு கீழ போவுது. எழுத்து பெருசு பெருசா இருக்குது. உண்மையச் சொல்லுங்க, வண்டி எங்க வாங்குனது?"

மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. திரும்பி, கட்டடங்களுக்கு மேலே தெரிந்த மலையைப் பார்த்துக் கையை நீட்டினார். எங்கள் ஊரில் அந்த மலையே சாமி; அதற்கு மேல் ஒரு சத்தியம் இல்லை. சின்ன விஷயத்துக்கெல்லாம் யாரும் அந்தப் பக்கம் கையை நீட்ட மாட்டார்கள்.

"சார், அந்த மலமேல சத்தியமா சொல்றேன். நான் வாங்குன நாள்லருந்து இந்த நம்பர்ல எவனும் கை வெக்கல."

அவர் கை நீண்டபடியே இருந்தது. நான் அவருக்கு இரண்டு எட்டுத் தள்ளி நின்றேன். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை முழுசாக வந்து முடிந்த பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது.

"நாந்தான் சார் அடிச்சேன்."

மாமா சிரித்துவிட்டார். "சார், நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. இவன் என் மச்சான். எப்பவும் இப்பிடித்தான் எதுனா வெளையாட்டாப் பேசுவான். டேய், வெளையாட்ற எடமாடா இது?"

"இல்ல மாமா. பம்பருக்கு வெல்டிங் வெக்கறப்ப தேஞ்சு போச்சு. அப்பறம் நானே பஞ்ச் வெச்சு அடிச்சிட்டேன்."

"சும்மா இர்றா."

"மெய்யாத்தான் மாமா."

அவர் என் முகத்தையே பார்த்தார். நான் எங்கேயாவது சிரித்துவிடுவேனா என்று காத்திருந்தார். எத்தனையோ தடவை கடைசி நிமிஷத்தில் சிரித்திருக்கிறேனே. நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"திருட்டு வண்டிக்கும் இப்பிடித்தான்ப்பா அடிப்பாங்க" என்றார் இன்ஸ்பெக்டர். குரலில் கோபம் இல்லை. "அவரு சத்தியம் பண்றாரு, நீ நான் அடிச்சேன்ங்கற. மாமன் மச்சான் ரெண்டு பேருல யாரு சொல்றத நான் எழுதறது?"

ஜீப் அங்கேயே நின்றது. போலீஸில் சொல்லி, எழுதி, கையெழுத்து வாங்கினார்கள். சாவியைக் கொடுக்கும்போது அதில் கோத்திருந்த வீட்டுச் சாவியைக் கழற்ற மாமாவுக்கு விரல் வரவில்லை. நான் கழற்றப் போனேன். கையை இழுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். வழி முழுக்கத் திட்டுவார் என்று காத்திருந்தேன். வீட்டுத் தெரு திரும்பும்போதுதான் ஒன்று சொன்னார்.

"சத்தியம் பண்ணிட்டேனேடா."

அவ்வளவுதான். ஜீப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பௌர்ணமி தவறாமல் மலையைச் சுற்றுகிறவர் அந்த மாதம் போகவில்லை. அடுத்த மாதமும் போகவில்லை. அக்கா மட்டும் என்னைத் திட்டினாள். "ஒன் வாயக் கேட்டு சிரிச்சிக்கினே இருந்தோம் பாரு, எங்களச் சொல்லணும்" என்றாள்.

அழிந்த நம்பரை மருந்து ஊற்றி மறுபடி வரவழைக்க முடியும் என்றார்கள். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு நாங்கள் பல வாரம் இருந்தோம். போலீஸ் அனுப்பி வண்டியைச் சோதிக்க வந்தவர்கள் மருந்து போட்டுப் பார்த்தார்கள். ஆழமாகத் தேய்த்து, வெல்டிங் சூடு காட்டி, அதன்மேலேயே பஞ்சும் அடித்திருப்பதால் ஒன்றும் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். மூன்று வேலையையும் ஒழுங்காகச் செய்திருக்கிறேன். கேஸ் முடிகிற வரைக்கும் வண்டி வராது. எப்போது முடியும் என்று கேட்டால் யாரும் எங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை. நான் இரண்டு மூன்று தடவை அந்த மைதானத்து வேலி ஓரமாகப் போய் எட்டிப் பார்த்தேன். டயர் நாலும் காற்று இறங்கிப் புல்லுக்குள் உட்கார்ந்திருந்தது. பின்னால் பம்பர் மட்டும் நேற்று மாட்டியது போல இருந்தது.

போன வாரம், மாமா பஸ்ஸில் மலைக்குக் கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. கடைசி நிறுத்தத்தில் இறங்கி, காலிச் சாக்குகளைத் தோளில் போட்டுக்கொண்டு, ஜீப் ஏறுகிற பாதையில் நடந்தோம். அந்தப் பாதையை நான் நடந்து பார்த்தது அன்றுதான். மாமா நாலு தடவை உட்கார்ந்தார். மூச்சு வாங்கும்போது அவர் வயிறு ஏறி இறங்கியது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மேலே ஒரு வீட்டு வாசலில் ஒரு அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"ஜீப்பு எங்க சாமி? ரொம்ப நாளாக் காணோம்."

"ரிப்பேருமா. வந்துடும்."

"நீ வரல, வரலன்னு பாத்தோம். மழ வந்தா நனைஞ்சிடும்னு தலச்சுமையா ரோடு வரைக்கும் தூக்கிட்டுப் போயி வேன்காரனுக்குப் போட்டுட்டோம். புளி, சாம ரெண்டும். இனிமே அவனே எடுத்துக்கறேன்னுட்டான்." அவள் மாமாவின் தோளில் இருந்த சாக்குகளைப் பார்த்தாள். "போன் பண்ணியிருந்தா சொல்லியிருப்பேனே."

"பரவால்லமா. யாருகிட்டப் போட்டா இன்னா."

இன்னும் மூன்று வீடு கேட்டோம். மூன்று இடத்திலும் ஜீப் எங்கே என்றார்கள். மூன்று இடத்திலும் ரிப்பேர், வந்துவிடும் என்றார் மாமா. ஐந்தாவது வீட்டுக்குப் போகவில்லை.

கீழே நிறுத்தத்தில் மாமா சாக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். பஸ் வர நேரமாகியது. அந்தச் சாலையில், கூரை மேல் மூட்டை கட்டிய வேன் ஒன்று எங்களைத் தாண்டி இறங்கிப் போனது.

பஸ் வந்தது. ஏறினோம். கண்டக்டர் பழக்கத்தில் எங்கள் காலடியைப் பார்த்தார்.

"லக்கேஜு?"

"ஒண்ணும் இல்லீங்க" என்றார் மாமா. "ரெண்டு ஆளுதான்."