மூடாத அட்டை

ஒரு சொல்லின் அடிவேர்வரை தோண்டிப் பார்த்தவளுக்கு, அந்தச் சொல்லிலிருந்து வெளியே வரும் வழி மட்டும் ஏன் தெரியாமல் போயிற்று?

அச்சகத்தின் இரண்டாம் மாடியில் ஓர் ஆங்கிலம்-தமிழ் அகராதி பதினான்கு ஆண்டுகளாக உருவாகிக்கொண்டிருந்தது. சொல்லுக்கு ஓர் அட்டை. மேலே சொல், இடப்பக்கம் அது பிறந்த கதை, வலப்பக்கம் பொருள்கள், அடியில் எடுத்துக்காட்டு வாக்கியம். எழுதியவரும் மெய்ப்புப் பார்ப்பவரும் கையெழுத்திட்டால் அட்டை இழுப்பறைக்குள் போய்விடும். இந்த வேலையில் அவள் கெட்டிக்காரி. மேதை என்று யாரும் சொன்னதில்லை, சொல்லும்படியும் இல்லை. ஆனால் ஒன்பது வாரமாக ஒரே ஓர் அட்டை அவள் மேசையை விட்டு நகரவில்லை. அதிலிருந்த சொல் 'வெயிட்'. எடை அல்ல, காத்திருப்பது.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒரு கட்டடத்துக்குப் பழுது பார்க்கப் போனான். லிஃப்ட் சரியாகி ஓடியது. கருவிப்பை வாயில் காவலாளியிடம் இருந்தது. ஆள் வீடு திரும்பவில்லை. ஆஸ்பத்திரி, காவல் நிலையம், பிணவறை என்று அவள் ஏறி இறங்காத படி இல்லை. பையைக் கதவுக்குப் பின்னால் மாட்டிவைத்தாள். மாதம் ஒருமுறை ஸ்பேனர்களுக்கு எண்ணெய் போடுவாள்.

ஏழு ஆண்டு தகவல் இல்லாதவரை இறந்தவராக அறிவிக்கச் சட்டத்தில் இடமிருந்தது. தங்கையின் குடும்பம் மாதக் கடைசியில் வேறு ஊருக்குப் போகிறது. அக்காவையும் கையோடு அழைத்துப்போவதென்று தங்கை ஒற்றைக்காலில் நின்றாள்.

"இந்த மனுவுல கையெழுத்துப் போட்டுட்டு எங்ககூட வந்துடுக்கா. யாருக்காக இந்த நாலு சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க?"

"வந்தார்னா பூட்டின கதவைப் பாத்துட்டுத் திரும்பிடுவார்டி."

"ஏழு வருஷமா வழி தெரியாதவருக்கு இப்பதான் தெரியப்போகுதாக்கும்." சொல்லிவிட்டுத் தங்கையே அழுதாள்.

மறுநாள் மெய்ப்புப் பார்ப்பவர் அவள் மேசைக்கு வந்தார். "என்னம்மா, இந்த அட்டைக்குப் பென்ஷன் வாங்கிக் குடுத்துட்டுதான் அனுப்புவீங்களா?"

"இது முதல்ல சும்மா பொறுத்திருக்கறது இல்ல சார். காவல். பழைய பிரெஞ்சுலேருந்து வந்திருக்கு. அதுக்கும் அடியில முழிச்சிருக்கறதுங்கற வேர். எதிரி வர்றானான்னு கண்ணை மூடாம பாக்கறது."

"நம்ம சொல்லும் அதுதானே. காத்து, இரு."

"ஸ்டே, டாரி, லிங்கர்னு, தங்கறது தாமதிக்கறதுன்னு பக்கத்துல நிக்கிற சொல்லையெல்லாம் எடுத்துப் பாத்தேன். அதுங்க பாட்டுக்கு இருக்குதுங்க. இது மட்டும் எதையோ காவல் காக்குது."

"எதை?"

அவள் அட்டையை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அட்டையை எடுத்து எடுத்துக்காட்டைப் படித்தார். 'அவள் காத்திருந்தாள்.'

"யாருக்காகன்னு இல்லையேம்மா. படிக்கிறவன் கேப்பானே."

அந்தக் கேள்வி அவளோடு வீடுவரை வந்தது. கதவைச் சாத்திவிட்டுப் பையின் முன்னால் நின்றாள். எதிரிக்காக விழித்திருக்கும் காவல்காரனுக்கு எதிரியாவது உண்டு. வருவதற்கு யாருமே இல்லாவிட்டால் அந்தக் காவலுக்கு என்ன பெயர்? இரண்டு மொழியிலும் தேடியாயிற்று. கிடைக்கவில்லை. கணவனின் குரலை நினைத்துப் பார்த்தாள். முகம் வந்தது, சட்டையின் கிரீஸ் வாசனைகூட வந்தது. குரல் வரவில்லை. செருப்பைக் கழற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

காலையில் வாக்கியத்தில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் அட்டையில் கையெழுத்திட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், எதுவும் கேட்காமல் தானும் கையெழுத்திட்டார்.

மாலையில் தங்கை வீட்டுக்குப் போய் மனுவிலும் கையெழுத்துப் போட்டாள். தங்கைக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள்.

"உன் துணியெல்லாம் இதுலயே அடங்கிடும்கா."

"நான் வரலடி."

தங்கையின் கையில் துடைக்கும் துணி அப்படியே நின்றது. "அப்ப எதுக்குக் கையெழுத்துப் போட்ட?"

அவள் பேனாவை மூடித் தங்கையிடம் கொடுத்தாள். மாதக் கடைசியில் அவர்களை வண்டியேற்றிவிட்டுத் தன் வீட்டுக்கே திரும்பினாள். அந்த மாதமும் ஸ்பேனர்களுக்கு எண்ணெய் போட்டாள். பிறகு எத்தனையோ முறை ஃபோனில் தங்கை அதையே கேட்டாள். ஒவ்வொரு முறையும் அவள், "பிள்ளைங்க நல்லா இருக்காங்களா?" என்றாள்.