கட் ஆகாத பாட்டு

கார் கரண்ட் வேலை பார்க்கும் அந்த மனுஷனுக்குத் தெருவில் பெயரே டைனமோதான். அவர் கை வைத்த வண்டி அதே கோளாறோடு திரும்பி வராது. வந்தால் மீசையை எடுத்துவிடுவதாகச் சவால் விடுவார். மீசை நரைத்துப்போய் இன்னும் பத்திரமாக இருந்தது.

சொந்தக் கார் மட்டும் கணக்கில் சேராது. மகள் பள்ளிக்கூட நாளில் அடம்பிடித்து மாட்டவைத்த பெரிய ஸ்டீரியோவுக்கு அந்தக் கிழட்டு வண்டியின் கரண்ட் எந்த மூலைக்கு? ட்ரம் சத்தம் விழும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கும், கொஞ்ச நேரத்தில் சத்தத்தைக் கூட்டும் ஆம்ப் தானாக அணைந்து பாட்டு நின்றுவிடும். அது மறுபடி உயிர் பெறும்வரை அவள் சலித்துக்கொண்டே பேச ஆரம்பிப்பாள். டீச்சர் திட்டியது, தோழியோடு சண்டை, எவன் எவளைப் பார்த்துச் சிரித்தான் என்பது வரை ஒன்று விடாமல் வரும். அவர் காதைத் தீட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவார்.

இப்போது அவள் எங்கோ தூரத்தில் வேலை பார்க்கிறாள். போனில் ரெண்டு வார்த்தைக்கு மேல் தேறாது. அவள் பேச்சுக்காக ஏங்கிக் கிடந்தவருக்கு, லீவுக்கு வருகிறாள் என்றதும் தலைகால் புரியவில்லை. போன தடவை யாரோ தோழியின் காரில் வந்து இறங்கியது வேறு அவருக்கு மனசை அறுத்துக்கொண்டிருந்தது. நம் வண்டியில் பாட்டு சரியில்லை, அதனால்தான் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார்.

எலக்ட்ரீஷியன் புத்தி வேறெங்கே போகும்? பெரிய டைனமோ மாட்டினார். டிக்கியில் இன்னொரு பேட்டரி வைத்தார். கட்டைவிரல் தடிமனுக்குக் கேபிள் இழுத்தார். எர்த் கொடுக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி இரும்பைப் பளபளக்க வைத்தார். இந்த அக்கறையில் கொஞ்சம் வீட்டு ஃபேன்மேலும் காட்டக்கூடாதா என்று மனைவி முணுமுணுத்தது அவர் காதில் ஏறவே இல்லை.

ஸ்டேஷனில் வந்து இறங்கிய மகள், வண்டியில் ஏறிப் பாட்டைப் போட்டதும் அசந்துபோனாள். கதவெல்லாம் அதிர்ந்தது, கரண்டைக் காட்டும் வோல்ட் மீட்டர் முள் இறங்கவே இல்லை. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த பாட்டு, அதற்கடுத்த பாட்டு என்று ஓடிக்கொண்டே இருந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பியபடி வந்தாள். அவர் என்னவோ கேட்டுப் பார்த்தார், அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. பாதி வழியில்தான் உறைத்தது. அட மடையா, பிள்ளை வாய் திறக்கிற நேரத்தையெல்லாம் உன் கையாலேயே அடைத்துவிட்டாயே!

வண்டியை ஓரங்கட்டினார். ஏதோ கருகுகிற வாடை வருகிறது என்று சொல்லிக்கொண்டே பானெட்டைத் தூக்கி, ஆம்புக்குப் போகும் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பாட்டு நின்றது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"ஃபியூஸ் போயிடுச்சும்மா. என் வயரிங்தான் சரியில்ல போல."

ஆயுசில் அவர் சொல்லாத வார்த்தை அது. சொல்ல வலித்தது. வண்டி மெல்ல நகர்ந்தது. பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. இத்தனை நேரமும் அவள் அழுதுகொண்டுதான் வந்திருக்கிறாள்.

"அங்க எனக்குப் பேசறதுக்கு ஒருத்தரும் இல்லப்பா," என்றாள். "போன்ல உங்க குரலைக் கேட்டா அழுதுடுவேன். அதான் சட்டுனு வச்சிடுறேன்."

அவள் பேச்சு முடியுமுன்பே வீட்டுக்குத் திரும்ப வேண்டிய முனை வந்தது. அவர் திருப்பவில்லை, நேராகவே ஓட்டினார்.