தளேகாவில் அண்ணனுக்கு இரண்டாவது எக்ஸ்ரே

புனேவுக்கு என்னை இழுத்தது ஊர் ஆசை இல்லை, அண்ணனின் வயிறு. தளேகாவில் ஒரு ஜப்பான் கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஐம்பது தாண்டியவர்களுக்கு அங்கே வருடாவருடம் வயிற்றுப் புற்றுநோய் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுப்பார்கள். போன மாதப் படத்தில் ஒரு நிழல். மறுபடி எடுக்க வேண்டும், அதிலும் இருந்தால் வாய் வழியே குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்களாம். போனில் அண்ணி அழுதார். சென்னையிலிருந்து கிளம்பிவிட்டேன்.

வெள்ளி காலை 6.30, புனே ஜங்ஷனில் லோனாவளா லோக்கல். டிக்கெட் பத்து ரூபாய். தாபோடி வந்ததும் எழுந்து வாசலுக்கே போய்விட்டேன். அப்பாவின் ராணுவத் தொழிற்சாலை வேலையால் நாங்கள் வளர்ந்த இடம். இதே லோக்கலில்தான் பள்ளிக்கூடம் போனோம். அண்ணன் என் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு, முழங்கையால் கூட்டத்தை விலக்கி எனக்கு ஜன்னலோரம் பிடித்துத் தருவான்.

அடுத்த ஸ்டேஷன் கசார்வாடியில் அண்ணன் ஏறினான். தலை முழுக்க நரை. "சாப்ட்டியா?" என்றான். தான் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தவன் கேட்ட கேள்வி இது. தளேகாவில் இறங்கினோம்.

ஸ்டேஷனிலிருந்து எக்ஸ்ரே மையம் மூன்று கிலோமீட்டர், ஆட்டோ எழுபது ரூபாய். (நூறு கேட்டார். என் மராத்தி இன்னும் துருப்பிடிக்கவில்லை.)

படம் எடுக்கும் பெண் பழைய படத்தைப் பார்த்துவிட்டு இந்தியில் கேட்டாள் (காகா என்றால் அங்கே சித்தப்பா): "காகா, போன தடவை காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமே இல்ல."

"நல்லா யோசிங்க."

"அன்னிக்கு சதுர்த்தி. பிரசாதம் மட்டும். சுண்டல்ல நாலே நாலு கடலை."

அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "பிரசாதமும் சாப்பாடுதான், காகா!"

எங்கள் வீட்டில் விரதத்தையே கலைக்காத பிரசாதம் எக்ஸ்ரேயைக் கலைக்கும் என்று யார் கண்டார்கள்? வயிற்றில் தங்கிய சாப்பாடு படத்தில் கட்டி போலவே தெரியுமாம். படம் எடுக்கும்போது மேஜைமேல் உருளச் சொல்வார்கள்; ஆள் உருண்டால் சாப்பாடு நகரும், கட்டி நகராது. மூட்டுவலியில் அண்ணன் போன முறை சரியாக உருளவும் இல்லை. ஆனாலும் அது கடலையா, கட்டியா என்று புதுப் படம்தான் சொல்ல வேண்டும்.

முதலில் வயிற்றை உப்ப வைக்கும் பொடி, பிறகு படத்தில் வயிறு தெளிவாகத் தெரிய ஒரு கோப்பை வெள்ளைப் பேரியம் கரைசல். ஏப்பம் விட்டால் வயிறு சுருங்கி, மடிப்புகூடக் கட்டியாகத் தெரியும். ஏப்பத்துக்குப் பேர்போனது எங்கள் குடும்பம். அண்ணன் வாயை இறுக்கிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மேஜைமேல் மூன்று சுற்று உருண்டான். கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்ற எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயமாக இருந்தது. அதே பிள்ளையாரைத்தான் வேண்டினேன்.

பத்தரைக்கு டாக்டர் கூப்பிட்டார். நிழல் இல்லை. குழாய் வேண்டாம், அடுத்த வருடம் வழக்கம்போல் வந்தால் போதும்.

போகிறவர்களுக்கு: எத்தனை மணிக்குப் பிறகு சாப்பிடக் கூடாது என்று மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், பிரசாதமும் அதில் சேர்த்தி. தவறிப்போய்ச் சாப்பிட்டிருந்தால் மறைக்காதீர்கள். உருள முடியாதென்றால் முதலிலேயே சொல்லுங்கள். நிழல் என்றதும் இடிந்துபோகவும் வேண்டாம், கடலைதான் என்று மறுபரிசோதனைக்குப் போகாமல் இருக்கவும் வேண்டாம். மத்தியானம் லோக்கல் குறைவு, நேரம் பார்த்துக் கிளம்புங்கள்.

எங்களுக்கும் ஒரு வண்டி தவறியது. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அண்ணன் இரண்டு வடாபாவ் சாப்பிட்டான்.

"பதினோரு வருஷமா தீபாவளிக்கு வா, பொங்கலுக்கு வான்னு கூப்பிட்டேன், வரல. நாலு கடலைக்கு ஓடி வந்துட்ட பாரு" என்றான்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.