தோட்டத்து கேட்டில் நான் நடத்திய கிருமிப் பாடம்

ஐம்பதுகளின் தொடக்கத்தில், மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் நடந்துகொண்டிருந்தபோது, ரெம்பாவுக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தின் கேட்டில் நடந்தது இது. எனக்கு அப்போது காசநோய். படித்தது மூன்றாவது வரை. ஓரிடத்தில் கொஞ்ச நாள் தங்கினாலே கால் அரிக்கும்.

முதல் தடவை ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, சோறு இறங்கியது. நோய் போய்விட்டதென்று நானே முடிவு செய்து, லாரி ஏறி வேறு தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டேன். ரத்தம் துப்பிக்கொண்டு திரும்பி வந்தபோது அந்த ஊசி என் கிருமிகளை ஒன்றும் செய்யவில்லை. வெள்ளைக்கார டாக்டருக்கு அதில் ஒரு வகையில் சந்தோஷம்தான். தோட்டங்களுக்கு மருந்து கொடுக்கும் டிரஸராகப் போகவிருந்தவர்களை வாராவாரம் கூட்டிவந்து, என் கட்டிலைச் சுற்றி நிறுத்தி, கிருமி மருந்தை எப்படி எதிர்க்கிறது என்று இங்கிலீஷில் பாடம் நடத்துவார். படுத்துக் கிடப்பவனுக்கு வேறென்ன வேலை? எல்லாம் மனப்பாடமாகிவிட்டது. பரீட்சைக்கு முன் அவர்கள் என்னிடம் வந்துதான் ஒப்பித்தார்கள். தப்பைத் திருத்துவேன். பாதிக்கு எனக்கே அர்த்தம் தெரியாது.

புதிதாக வந்த மாத்திரைகளுக்கு நோய் கட்டுப்பட்டது. ஒருநாள்கூட விடக்கூடாதென்று சொல்லி, ஒரு டப்பா நிறையக் கொடுத்து அந்தத் தோட்டத்திலிருந்த அக்காள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றே வாரம். சுவா என்ற ஊரில் வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். இந்தத் தடவை டப்பாவை மறக்காமல் எடுத்துக்கொண்டதையே பெரிய புத்திசாலித்தனமாக நினைத்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டை மறந்துவிட்டேன்.

காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று அரிசி, மருந்து எதையும் கேட்டுக்கு வெளியே விடமாட்டார்கள். வெள்ளைக்கார சார்ஜண்ட் என் மூட்டையைக் கிளறி, டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டார். அது போனால் நானும் போனேன்.

“பேசாம நில்லுலா. டப்பாவோட உன்னையும் லாரில ஏத்திருவான்” என்றார் பக்கத்திலிருந்த மண்டோர், எங்கள் தோட்டத்துக் கங்காணி.

வாயைத் திறந்தேன். டாக்டரின் பாடம் வந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கிருமியின் வடிவம், அதன் மெழுகுத் தோல், நோயாளி பாதியில் மருந்தை நிறுத்தினால் பலமான கிருமிகள் மட்டும் மிஞ்சிப் பெருகுவது என்று இங்கிலீஷில் வரிசையாகச் சொன்னேன். டப்பாவின் மேலிருந்த கையை சார்ஜண்ட் மெல்ல எடுத்துக் கால்சட்டையில் துடைத்தார். அவர் துடைப்பதைப் பார்த்து, ஒன்றும் புரியாத மலாய்க் காவலரும் நாலடி பின்னால் போனார்.

“டேய், இதெல்லாம் எங்கடா படிச்ச?” என்றார் மண்டோர்.

“படுத்துக்கிட்டே படிச்சேன் அண்ணே.”

சார்ஜண்ட் முழுவதையும் கேட்டார். பிறகு, எந்த முட்டாள் மருந்தைப் பாதியில் நிறுத்துவான் என்று நிதானமாகக் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு டாக்டரின் பாடத்தில் பதில் இல்லை.

“மீ, சார்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எங்கே போகிறேன், ஆஸ்பத்திரிக்குத் தெரியுமா என்று மண்டோரை வைத்து விசாரித்தார். பிறகு பிரம்பால் டப்பாவை என் பக்கம் தள்ளி, அதே பிரம்பை அக்காள் வீடு இருந்த லயத்தை நோக்கி நீட்டினார்.

“வூட்டுக்குப் போகச் சொல்றாரு. மருந்து முடியிறவரைக்கும் கேட்டுப் பக்கம் வந்தா உள்ள தள்ளிருவாராம்” என்றார் மண்டோர்.

ஒன்றரை வருடம் நான் ஓரிடத்தில் இருந்தது அந்த ஒரு முறைதான். மாத்திரையைத் தோட்டத்து டிரஸர் வாங்கி வந்து தந்தார். நுரையீரல் ஆறியது. அன்று கேட்டில் நான் பேசிய இங்கிலீஷ் எல்லாம் டாக்டருடையது. கடைசி இரண்டு சொல் மட்டும் என்னுடையது, அதைச் சொன்னதால்தான் இன்றும் இருக்கிறேன் என்று நினைக்கிறேன்.