கழுவ முடியாத தரை

வீட்டில் எதற்காக மரத்தரை போட்டீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் ஆளுக்கொரு பதில் சொல்லி வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரரிடம், வெயில் காலத்தில் காலுக்குச் சூடு தெரியாது என்றேன். நான் வேலை பார்ப்பது துறைமுகத்தில் சரக்கு இறக்கிக் கொடுக்கும் ஒரு அலுவலகத்தில். அங்கே கேட்டவர்களிடம், ரொம்ப நாள் ஆசை என்றேன். "கடலோரத்துல மரத்தரையா? வீடு கட்டுதீரா, தோணி கட்டுதீரா?" என்று ஒரு அண்ணாச்சி கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உண்மையான காரணம், என் அக்கா வெள்ளிக்கிழமை தோறும் வீடு கழுவியதுதான். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை.

அத்தான் ஆத்தூரில் வெற்றிலை வியாபாரம் செய்தவர். அவர் போன பிறகு அக்கா எங்களோடு வந்துவிட்டாள். பிள்ளைகள் கிடையாது. வந்த முதல் வெள்ளிக்கிழமையே சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாளியும் விளக்குமாறுமாக இறங்கிவிட்டாள். எங்கள் வீடு மாப்பிள்ளையூரணிப் பக்கம். துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிய லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். காலையில் துடைத்த தரையில் மத்தியானம் நடந்தால் உள்ளங்கால் கறுத்துவிடும். அக்காவுக்கு அந்தக் கரித்தூசியோடு ஒரு சொந்தப் பகை இருந்தது. நாற்காலிகளையெல்லாம் வாசலுக்கு அனுப்பிவிட்டு, போர் தண்ணீரில் மஞ்சள் கரைத்து, வாளி வாளியாக ஊற்றித் தள்ளுவாள். அது உப்புத் தண்ணீர், காய்ந்தால் வெள்ளை படியும் என்பதால் மறுபடியும் துணி போட்டுத் துடைப்பாள். அந்த நேரத்தில் நான் குறுக்கே நடந்துவிட்டால் தொலைந்தேன். "ஏலே, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று ஆரம்பித்து, நான் பள்ளிக்கூடத்தில் பெயிலானது வரைக்கும் போய்த்தான் நிற்பாள். நானும் சும்மா இருக்க மாட்டேன். தெருவே கேட்கும்படி ஏசிக்கொள்வோம். அரை மணி நேரத்தில் காபி வந்துவிடும்.

போன வருஷம் அப்படியொரு வெள்ளிக்கிழமையில் என் மனைவி வழுக்கி விழுந்தாள். அவள் டீச்சர், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதென்று ஈரம் காயும் முன் ஹாலைக் கடந்திருக்கிறாள். கண்ணாடி போலப் பளபளக்கும் அந்த டைல்ஸை ஆசைப்பட்டு வாங்கிப் போட்டவன் நான்தான். கணுக்கால் எலும்பு முறிந்து, பிளேட் வைத்து, நாலைந்து மாதம் அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. ஆஸ்பத்திரியில் அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் வராமல் கதவோரமே நின்றாள். "நான்தான் பாத்து வந்திருக்கணும் மதினி" என்று என் மனைவி சொன்னாள். நான் வாய்வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டேன். வீட்டுக்காரரை இழந்து வந்து நம்மை அண்டி இருப்பவள், அவளைப் போய் ஒரு வார்த்தை சொல்லலாமா என்று நினைத்தேன். என் பெருந்தன்மையில் எனக்கே ஒரு மயக்கம் இருந்தது.

தரையை மாற்றிவிடலாம் என்று போனபோது டைல்ஸ் கடைக்காரர் வழுக்காத சொரசொரப்பு டைல்ஸை எடுத்துக் காட்டினார். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பிடிமானம் இருக்கும் என்றார். அதையே போட்டிருக்கலாம். யோசிக்காமல் விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் நன்றாக யோசித்துத்தான் மரத்துக்குப் போனேன். மரத்தில் தண்ணீர் ஊற்ற முடியாது. ஊற்றாதே என்று நான் அக்காவிடம் சொல்ல வேண்டியதில்லை, தரையே சொல்லிவிடும். அப்போது அது எனக்குப் பெரிய புத்திசாலித்தனமாகப் பட்டது.

பலகைகள் அட்டைப் பெட்டிகளில் வந்தன. மேலே ஒரு பட்டை நல்ல மரம், அடியில் அடுக்கடுக்காக ஒட்டுப்பலகை. பெட்டியைப் பிரிக்காமல் ரெண்டு நாள் ஹாலிலேயே போட்டு வைக்கச் சொன்னார் ஆசாரி. எங்கள் ஊர்க் காற்றைக் குடித்துப் பழக வேண்டுமாம். அக்கா அந்தப் பெட்டிகளைச் சுற்றிச் சுற்றி நடந்தாள், என்னவென்று கேட்கவில்லை. பிறகு வேலை ஆரம்பித்தது. பழைய டைல்ஸைப் பெயர்க்கவில்லை. அதன் மேலேயே மெல்லிய ஃபோம் விரிப்பை உருட்டி விரித்து, அதற்கு மேல் பலகையை வைத்தோம். ஆணி கிடையாது, பசை கிடையாது. ஒரு பலகையின் நாக்கு அடுத்ததன் ஓரத்தில் வெட்டிய காடிப் பள்ளத்துக்குள் சொருகிக்கொள்ளும். மரக்கட்டையை அண்டை கொடுத்து லேசாகத் தட்டினால் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். தரை எதிலும் ஒட்டாமல் சும்மா மேலே கிடப்பதால் மிதக்கும் தரை என்று அதற்குப் பெயர். மழைக்காலத்தில் மரம் ஊதும் என்று சுவரோரம் சுற்றிலும் விரலகலம் இடைவெளி விட்டு, அதை மரப்பட்டி அடித்து மறைத்தோம். நான் லீவு போட்டுவிட்டுக் கூடமாட நின்றேன். தட்டித் தட்டி உள்ளங்கையில் கொப்புளம் வந்துவிட்டது, ஆனாலும் அந்த 'டக்' சத்தம் கேட்கக் கேட்க ஒரு வெறி பிடித்துக்கொண்டது.

முடிந்த அன்று என் மனைவி ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு ஹாலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தனியாக நடந்தாள். நடந்து முடித்ததும் அழுதுவிட்டாள். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அக்கா அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அடுக்களையில் மட்டும் பழைய டைல்ஸ் அப்படியே இருந்தது. "அழகா இருக்குலே" என்றாள். பிறகு குனிந்து, பலகையை விரலால் தடவிவிட்டு, "இத எப்படிக் கழுவ?" என்று கேட்டாள்.

கழுவ வேண்டாம், துணியை நன்றாகப் பிழிந்து துடைத்தால் போதும், அதற்கும் ஒரு ஆள் வரச் சொல்லியிருக்கிறேன், நீ இனிமேல் கஷ்டப்பட வேண்டாம் என்றேன். நீ உட்கார்ந்து டிவி பார் என்றும் சொன்னேன். அக்கா சரி என்றாள். அவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் சரி சொன்னதை அதுவரை நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் அவள் வீட்டுக்கு வெளியே எதையெல்லாம் கழுவ முடியுமோ அதையெல்லாம் கழுவினாள். வாசற்படி, கார் நிற்கும் இடம், தண்ணீர்த் தொட்டியின் மூடி. அவற்றில் கழுவ என்ன இருக்கிறது? கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்துவிடும். பிறகு அடுக்களையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். ஹாலுக்கு வந்தால் விருந்துக்கு வந்தவள் போலக் கால்விரலை ஊன்றி நடப்பாள். என்னை "ஏலே" என்று கூப்பிடுவது குறைந்து "தம்பி" என்று ஆனது. என் மனைவியிடம், இந்தப் பாத்திரத்தை எடுத்துக்கிடட்டுமா என்று கேட்டுவிட்டு எடுத்தாள். நான் கண்ணில்லாதவன் அல்ல, எல்லாம் தெரிந்தது. வீட்டில் சண்டை சச்சரவு இல்லாமல் நிம்மதியாக இருக்கிறது என்று அதற்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் அத்தானின் நினைவு நாள் வந்தது. வருஷா வருஷம் அக்கா எங்கள் வீட்டில்தான் அவருக்குப் படைப்பாள். அன்று வெள்ளிக்கிழமையோ இல்லையோ, விடியும் முன்பே வீடு முழுக்கக் கழுவிவிடுவாள். ஹாலில் அத்தான் படத்துக்கு முன்னால் அந்த ஈரம் மணக்கும் தரையில்தான் இலை விழும். இந்தத் தடவையும் நான் பூவும் பழமும் வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஹாலில் யாரும் இல்லை. சுவரில் அத்தான் படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.

என் மனைவி புறவாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எவ்வளவோ சொல்லிட்டேன், கேக்க மாட்டேங்காவ" என்று மெதுவாகச் சொன்னாள். வெளியே துணி துவைக்கிற இடம், கல் பக்கத்தில் ஒரு சின்ன சிமெண்டுத் தளம். அதை அக்கா தேய்த்துக் கழுவியிருந்தாள். துவைகல்லில் சாய்த்து அத்தான் படம். அதன் முன்னால் தலைவாழை இலை, சோறு, சாம்பார், அவருக்குப் பிடித்த வாழைக்காய்ப் பொரியல். காற்றில் விளக்கு அணையாமல் இருக்க ஒரு தகர மூடியை நிமிர்த்தி வைத்திருந்தாள். மோட்டார் பக்கத்தில், சோப்புத் தண்ணீர் ஓடுகிற சாக்கடை ஓரத்தில் என் அத்தானுக்கு இலை போட்டிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. அக்காவின் மேல் வந்தது போலத்தான் தெரிந்தது, ஆனால் அது என்மேல்தான். உள்ளே வந்து வை, தண்ணீர் ஊற்று, எத்தனை வாளி வேண்டுமானாலும் ஊற்று, மரம் போனால் போகட்டும் என்றேன். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவள் சேலை ஓரம் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"வேண்டாம்லே. அவ மறுபடி நடக்குதாளே, அது போதும். அதுல நான் தண்ணி ஊத்துவனா?"

கொஞ்ச நேரம் இலையில் மொய்க்க வந்த ஈயை விரட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சத்தமில்லாமல் சொன்னாள்.

"அவ விழுந்த அன்னிக்கே நீ என்னைய ஏசிருக்கலாம்லா. ரெண்டு நாள் அழுதிருப்பேன். அடுத்த வெள்ளிக்கிழம ஒழுங்கா தொடச்சிருப்பேன். நீ ஏசலியே. பலகையப் போட்டுட்ட."

சாம்பிராணி போட்டுக் கும்பிட்டோம். காக்கைக்குச் சோறு வைத்தோம். பிறகு அக்கா எங்கள் மூவருக்கும் அங்கேயே இலை போட்டாள். கால் மடக்க முடியாது என்பதால் என் மனைவிக்கு மட்டும் ஸ்டூல். நான் ஈரச் சிமெண்டில் அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்தேன். வேட்டி நனைந்து ஒட்டியது.

படையலுக்குச் செய்வதை ருசி பார்க்கக் கூடாது. அதனால் அன்றைய சமையலில் ஏதாவது ஒன்று பிசகுவது வழக்கம். முன்பெல்லாம் முதல் கவளத்திலேயே நான் கத்த ஆரம்பித்துவிடுவேன், அவளும் விட மாட்டாள். அன்று சாம்பாரில் உப்பே இல்லை.

"எப்படிலே இருக்கு?" என்று கேட்டாள் அக்கா. சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்ன எதிர்பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. இவ்வளவுக்குப் பிறகு எந்த வாயால் அவளைக் குறை சொல்வது?

"நல்லாருக்குக்கா" என்றேன்.

அவள் ஒரு வாய் எடுத்து வைத்தாள். மென்றாள். என்னை மறுபடி பார்க்கவில்லை. எழுந்து உள்ளே போய் உப்பு ஜாடியை எடுத்து வந்து, என் இலையோரத்தில் ஒரு சிட்டிகை வைத்துவிட்டு, "வேணும்னா போட்டுக்கோங்க தம்பி" என்றாள்.