வுழூத் தண்ணீரும் புழுப் பெட்டியும்

பனியின் மேல் யாரோ மிளகுத்தூளைக் கொட்டிவிட்டுப் போனதுபோல் இருந்தது. சப்பாத்து நுனியால் லேசாகத் தட்டினேன். தூள் துள்ளியது. இரண்டடி பின்னால் போய் நின்றேன். கனடாவில் இந்த மரக்கறித் தோட்டத்துக்கு வேலைக்கு வந்து எனக்கு அது முதல் குளிர்காலம். தெள்ளுப் பூச்சி என்றே நினைத்தேன். காற்சட்டையில் ஏறி அறைக்குள் வந்துவிட்டால், இலங்கைக்காரன்தான் கொண்டுவந்தான் என்று கூட இருப்பவர்கள் சொல்லிவிடுவார்களே என்று அதற்குள் யோசனை ஓடிவிட்டது. தோட்டத்துச் சொந்தக்காரி லிண்டா பார்த்துச் சிரித்தாள். அது கடிக்காதாம். மண்ணுக்குள் இருக்கிற சீவனாம். குளிர் கொஞ்சம் குறைந்த நாட்களில் மேலே வருமாம். உடம்பை உறையவிடாத ஏதோ ஒன்று அதற்குள்ளேயே இருக்கிறதாம். நான் பாலமுனையில் எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அவளுடைய ஆங்கிலத்தில் பாதிதான் எனக்குப் பிடிபடும். மீதியைப் பயத்தால் நிரப்பிக்கொள்வேன்.

தோட்டத்தின் பின்னால் ஒரு மரக் கொட்டில் இருக்கிறது. அதற்குள் ஆறு பெரிய பெட்டிகளில் சிவப்பு மண்புழு வளர்க்கிறார்கள். மரக்கறிக் கழிவைத் தின்று அவை போடுகிற எருவில்தான் வசந்தகாலத்தில் நாற்று எழும்ப வேண்டும். காட்டு மண்ணில் இருக்கிற புழு குளிர் வந்தால் உறையாத ஆழத்துக்கு இறங்கிவிடும். பெட்டிப் புழுவுக்கு இறங்க இடமில்லை, அதைப் பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆள் நான். எனது வேலை அனுமதி ஏப்ரல் முடிவோடு தீர்கிறது. அதைப் புதுப்பிக்க லிண்டா ஒரு கடிதம் தரவேண்டும். தராவிட்டால் ஊருக்குத்தான். ஊரில் இருக்கிற ஒரு துண்டு வயலை என் காக்கா, மூத்த சகோதரன், செய்கிறார். அது அவருடைய குடும்பத்துக்கே காணாது. மனைவி ஜெஸீமாவும் மகளும் நான் அனுப்புவதை நம்பித்தான் இருக்கிறார்கள். ஆகவே அந்தப் புழுக்களை என் பிள்ளைகளைப் போலப் பார்த்தேன். பிழை அங்கேதான் நடந்தது.

நடுப்பகலில் லுஹர் தொழுவதற்கு லிண்டா அந்தக் கொட்டிலின் ஒரு மூலையைத் தந்திருந்தாள். அங்கே குழாய் இல்லை. கெட்டிலில் இளஞ்சூட்டுத் தண்ணீர் கொண்டுபோய், தொழுமுன் கை கால் கழுவுகிற வுழூ எடுப்பேன். ஊரில் வாழையடியில் நின்றுதான் வுழூ எடுப்போம், வுழூச் செய்த தண்ணீர் வீணாகக் கூடாது. இங்கே வாழைக்கு எங்கே போவது? கடைசிப் பெட்டியின் விளிம்பில் இருந்துகொண்டு, கை, முகம், கால் கழுவுகிற தண்ணீர் எல்லாம் புழுவை மூடியிருந்த வைக்கோலுக்கு மேல் விழும்படி செய்தேன். புழுவுக்கு ஈரம்தானே உயிர். காய்ந்துபோகாமல் பார்க்கிறேன் என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி வேறு. சனவரியில் ஒரு கிழமை கடுங்குளிர் அடித்தது. ஒருநாள் காலையில் பெட்டிகளைத் திறந்தேன். ஐந்து பெட்டிகளில் வைக்கோலுக்குக் கீழே கைவைத்தால் இளஞ்சூடு. ஆறாவது பெட்டி கல். நான் ஊற்றிய தண்ணீர் அடிவரை இறங்கி, புழுக்களோடு சேர்ந்து ஒரே கட்டியாக உறைந்திருந்தது.

மறைக்கலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன், பொய் சொல்வானேன். பிறகு லிண்டாவைக் கூட்டிவந்து காட்டினேன். வாயால் விளங்கப்படுத்த வரவில்லை. கெட்டிலை எடுத்து, சப்பாத்தைக் கழற்றி, பெட்டி விளிம்பில் குந்தியிருந்து கால் கழுவிக் காட்டினேன். அவள் என் காலையும் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தாள். வீட்டுக்குள் போய் இரண்டு சோடி கம்பளிக் காலுறைகளோடு வந்தாள். கால் விறைத்ததனால் சுடுதண்ணீரில் நனைத்திருக்கிறேன் என்று விளங்கியிருக்கிறாள்! தொழுகை, அதற்கு முன் கழுவுவது என்று நான் இன்னும் அரைமணி நேரம் கையால் கதைத்த பிறகு, ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தாள். "இனி இதற்குள்" என்றாள். அவ்வளவுதான். கட்டியை உடைக்காமல் பெட்டியை நாற்று வீட்டின் வாசலறைக்குள் இழுத்து வைக்கச் சொன்னாள்.

அடுத்த நாள் வேலைக்குப் போகுமுன் காக்காவுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். அங்கே பின்னேரம்.

"என்னடா, புழுவுக்கு வுழூ எடுத்துக் குடுத்தியா? அதுகளும் தொழட்டும் எண்டா?"

"பகிடி விடாத காக்கா. எல்லாம் மௌத்து, ஒண்டும் உசிரோட இல்ல."

"அவ ஏசினாவா?"

"ஏசல்ல."

"அப்ப நல்லந்தானே."

"ஏசினாத்தான் நல்லம். நம்மட ஊரில ஏசிற ஆள் வேலைய உட்டு நிப்பாட்டுமா? பேசாம இரிக்கிறவன்தான் நிப்பாட்டுவான்."

"ஒனக்கு யோசிக்கிறத்துக்குக் காரணமா இல்ல? இது போனா மறுகா ஒரு காரணம் தேடிக்குவாய்."

ஜெஸீமாவிடம் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். போனை வைத்த பிறகு வயல்தான் ஞாபகம் வந்தது. ஆவணி வெயிலில், தண்ணீர் நிறுத்திய வயலில் வரம்பு வெட்டும்போது மண்வெட்டிக்கு அகப்படுகிற கட்டிகள் இருக்கும். உடைத்தால் நடுவில் சுண்டங்காய் அளவில் ஒரு குழி. அதற்குள் ஒரு மண்புழு தன்னைத்தானே முடிச்சுப் போட்டுக்கொண்டு கிடக்கும். தன் ஈரத்தை வெளியே விடாமல் சுருண்டு, மழை வரும்வரை தின்னாது, அசையாது. செத்தது என்று எத்தனையோ முறை எறிந்திருக்கிறேன். அப்போது அதைப் பற்றி யோசித்ததில்லை. அப்போது எனக்கு வேறு பயங்கள்.

ஆறாவது பெட்டி மெதுவாக உருகியது. புழுக்கள் கறுத்து நூலாகிப் போயிருந்தன. ஒன்றுகூடத் தப்பவில்லை. லிண்டா மண்ணைக் கிளறி, குரக்கன் தானியத்தை விடக் கொஞ்சம் பெரிய, எலுமிச்சை வடிவான மணிகளைக் காட்டினாள். முட்டைக்கூடுகள். சிலவகைப் புழுவின் கூடு குளிரில் தன் தண்ணீரைத் தானே வெளியே விட்டுச் சுருங்குமாம். உள்ளே தண்ணீர் இல்லாவிட்டால் உறைய என்ன இருக்கிறது? இவை தப்புமா என்று அவளுக்கும் நிச்சயமில்லை. எங்கள் வயலில் புழு ஈரத்தைப் பிடித்துவைத்துப் பிழைக்கிறது, இங்கே அதன் கூடு ஈரத்தைக் கைவிட்டுப் பிழைக்கிறது. நான் வயலின் பாடத்தைக் கொண்டுவந்து இங்கே ஊற்றியிருக்கிறேன்.

பெப்ரவரி முழுக்க அவள் கடிதத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் நினைவுபடுத்திவிடுவேனோ என்று பயம். காலையும் பின்னேரமும் அந்தப் பெட்டியைப் போய்ப் பார்ப்பதுதான் வேலை. மார்ச் கடைசியில் ஒரு காலை, மண்ணுக்குள் வெள்ளை நூல் ஒன்று நெளிந்தது. பிறகு இன்னொன்று. கத்திக் கூப்பிட்டேன். லிண்டா குனிந்து பார்த்துவிட்டுப் போய் ஒரு கடித உறையோடு வந்தாள். "இது முன்னமே எழுதியது. உன்னுடைய முழுப்பெயரின் எழுத்துகளைக் கேட்க வேண்டியிருந்தது, மறந்துபோனேன்" என்றாள். நான் எழுத்தெழுத்தாகச் சொல்ல, அங்கேயே பெயரை நிரப்பித் தந்தாள். இரண்டு மாதம் நான் நித்திரை கொள்ளாதது அவளுக்குத் தெரியாது.

அங்கேயே நின்று வீடியோவில் காக்காவை எடுத்தேன்.

"கடிதம் கிடைச்சிட்டு காக்கா. இன்னும் ரெண்டு வருசம்."

"அல்ஹம்துலில்லாஹ்." போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார். "ரெண்டு வருசமா? சரி. புழுவக் காட்டு பாப்பம்."

ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் போனுக்கு முன்னால் பிடித்தேன். பனி வாடையில் பிறந்தது, என் உடம்புச் சூடு அதற்குத் தாங்கவில்லை போலும். உள்ளங்கையிலிருந்து நெளிந்து நெளிந்து என் விரல் நுனிக்குப் போய் அங்கே அடங்கியது. அந்த விரல் நுனிதான் காலையிலிருந்து எனக்கு விறைத்துக் கிடந்தது.