மூத்த தாரத்தின் கசெட்

என் கணவரின் முதல் மனைவியை நான் பார்த்ததில்லை. அவள் காய்ச்சலில் இறந்து சில வருடம் கழித்துத்தான் ஆரையம்பதியில் இந்த வீட்டுக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்தேன். அவளுடைய மகள் அப்போது பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். பேன் பார்த்து, தலை பின்னி வளர்த்தவள் நான். ஆனாலும் மகளுக்கு நான் சின்னம்மாதான்.

மகள் வந்தாறுமூலைக் கம்பசுக்குப் படிக்கப் போன காலத்தில் சண்டை மறுபடியும் மூண்டு, கம்பசை மூடிவிட்டார்கள். சிநேகிதியின் பழைய கம்ப்யூட்டரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், வந்த கையோடு தகப்பனிடம் கேட்டாள்.

“அப்பா, அம்மா பேசின கசெட் இரிக்கெல்லோ? கம்ப்யூட்டர்ல ஏத்தி வைக்கப்போறன். இல்லாட்டி பழுதாப் போயிரும்.”

அவர் கட்டாரில் வேலை செய்தபோது மூத்தவள் பேசி அனுப்பிய கசெட். அலுமாரியில் அவருடைய பாஸ்போட்டுக்குக் கீழே கிடந்தது. நான் வீட்டில் இல்லாத நேரம் போட்டுக் கேட்டாரோ, தெரியாது. எனக்கு முன்னால் கேட்டதில்லை.

கசெட் போடும் ரேடியோவையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் வயர் டவுனில் கிடைக்கவில்லை. ரேடியோவுக்கு முன்னால் மைக்கை வைத்துப் பதியத் தொடங்கினாள் மகள். வாவிக்கு அக்கரையில் ஷெல் விழுந்தால் நிறுத்தினாள். ஓய்ந்ததும் மறுபடி தொடங்கினாள். பிறகு குசினிக்கு வந்தாள்.

“சின்னம்மா, கொஞ்ச நேரம் தேங்கா திருவாதீங்க. பேசவும் வேணாம்.”

என் குசினியில் நான் வாய்மூடி நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் மூத்தவள் பேசினாள்.

“இஞ்சாருங்க, ஒங்கட மகள் ராவெல்லாம் ஒங்களத்தான் கேக்கிறாள். நான் கேக்கல்ல எண்டு நினைக்காதீங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எட்டிப் பார்த்தேன். இவர் கதவு நிலையில் சாய்ந்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். என் பேச்சை ஒருநாளாவது இப்படி நின்று கேட்டிருப்பாரா?

அந்த நேரம் பார்த்து வாசலில் இறால்காரர் மணி அடித்தார். எரிச்சலில் மகள் சொன்னதெல்லாம் மறந்துபோயிற்று.

“புள்ள, இறால் வந்திரிக்கு! பொரிக்கவா, கறியாக்கவா?”

மகள் ரேடியோவை நிறுத்திவிட்டு வந்தாள். முகம் சிவந்திருந்தது.

“சொன்னன்தானே சின்னம்மா! இனி முதல்ல இருந்து எடுக்கணும்.”

கசெட்டைத் திரும்பச் சுற்றிப் போட்டாள். இம்முறை ரேடியோ நாடாவைத் தின்றது. மூத்தவளின் குரல் இழுபட்டு, கீச்சென்று நின்றது. சிக்கிய நாடாவை இவர் மெல்ல இழுத்துப் பார்த்தார். கசங்கிச் சுருண்டு பல துண்டுகளாக அவர் கையோடு வந்தது. மகள் தரையில் உட்கார்ந்து அழுதாள். அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

முதல் தரம் பதிந்தது கம்ப்யூட்டரில் இருந்தது. மகள் அதை சீடியாக அடித்துத் தகப்பனிடம் கொடுத்தாள். நான் இறாலுக்குக் கத்தும் இடத்தோடு அது முடிகிறது. என் குரலுக்கு அடியில் மூத்தவள் கடைசியாக ஏதோ சொல்கிறாள்.

இவர் வேலையில்லாமல் ஆறுதலாக இருக்கும் நேரமெல்லாம் அதைப் போடுவார். அந்த இடம் வந்ததும் சத்தத்தைக் கூட்டி, காதைக் கிட்டக் கொண்டுபோவார்.

“என்ன சொல்றா எண்டு ஒனக்கு வெளங்குதா?” என்று என்னைக் கேட்பார்.

எனக்கு விளங்கும். நேரத்துக்குச் சாப்பிடுங்க என்கிறாள். நான் அவருக்குத் தினமும் சொல்வதுதான்.

“வெளங்கல்ல” என்பேன்.